கூலி லிஸ்ட்ல காணாமப் போன ஒரு பெயர்: என் ஸ்னிப்பெட் ஃபோல்டரின் கதை

போன எபிசோடுக்கு அப்புறம் நிறைய பேர் ஒரே கேள்வியைத்தான் அனுப்பியிருந்தீங்க. "ப்ரோ, உங்க ஸ்னிப்பெட் ஃபோல்டர்ல அப்படி என்னதான் வச்சிருக்கீங்க? ஷேர் பண்ணுங்க." சரி, இன்னைக்கு அதைத் திறந்துடலாம். ஒரு எச்சரிக்கை மட்டும். உள்ள பெரிய அல்காரிதம் எதுவும் இல்ல. பெரும்பாலும் அஞ்சு வரி, பத்து வரி. ஆனா ஒவ்வொண்ணுக்குப் பின்னாடியும் எனக்கு வந்த ஒரு போன் கால் இருக்கு. பாதி போன் கால் எங்க மாமாகிட்ட இருந்து.

நான் செய்யார் பையன். மாமா வீடு ஆரணியில. ஆரணின்னா பட்டு, உங்களுக்கே தெரியும், புவிசார் குறியீடு வாங்கின பட்டு. மாமா சின்ன அளவுல சேலை போடுறவர். பாவு, பட்டு நூல், ஜரிகை எல்லாம் இவர் கொடுப்பார், நெசவாளிங்க அவங்க வீட்டுத் தறியில நெய்து கொண்டு வந்து கொடுப்பாங்க, சனிக்கிழமை கூலி. சுமார் அறுபது குடும்பம். கணக்கெல்லாம் நீளமான நோட்டுல. அட்வான்ஸ் எவ்வளவு, பிடித்தம் எவ்வளவு, எத்தனை சேலைன்னு எல்லாம் அவர் கையெழுத்துல. அதை நான் கம்ப்யூட்டருக்கு மாத்தித் தரேன்னு வாய விட்டேன். இன்ஜினியரிங் முடிச்ச மருமகன் இல்லையா.

என்கிட்ட ரெண்டு லிஸ்ட் இருந்தது. ஒண்ணு, பல வருஷத்துக்கு முன்னாடி ஒரு டிடிபி சென்டர்ல அடிச்சு வச்ச பெயர்ப் பட்டியல். பழைய ஃபான்ட் என்கோடிங்ல இருந்ததை நான் கன்வர்ட்டர் போட்டு யூனிகோடுக்கு மாத்தினேன். இன்னொண்ணு, மாமா பொண்ணு போன்ல டைப் பண்ணின அந்த வாரக் கணக்கு. ரெண்டையும் பெயரை வச்சு சேர்த்தா கூலி லிஸ்ட் ரெடி. பைத்தான்ல பாண்டாஸ் மெர்ஜ், ஒரே வரி. ஓடுச்சு. எர்ரர் இல்ல. பிரிண்ட் எடுத்துக் கொடுத்துட்டு, மதியம் பிரியாணி சாப்பிட்டுட்டு சென்னைக்கு பஸ் ஏறிட்டேன்.

சாயங்காலம் மாமா போன். "இன்னாடா இது, உன் மெஷின் ஒரு ஆளையே முழுங்கிடுச்சு?"

நடந்தது என்னன்னா, ஒருத்தர் கூலி வாங்க வந்திருக்கார். பெயர் வேண்டாம், கோ-ன்னு தொடங்கும், அவ்வளவு போதும். லிஸ்ட்ல அவர் பெயரே இல்ல. அவருக்கு மாமாகிட்ட பழைய அட்வான்ஸ் பாக்கி கொஞ்சம் இருந்தது. அதனால அவர் என்ன நினைச்சிருக்கார்னா, முதலாளி கணக்கை முடிச்சு நம்மள கழட்டி விட்டுட்டாரு, அதான் லிஸ்ட்லயே இல்லன்னு. சண்டை போடல, எதுவும் கேட்கல. பேசாம வெளிய போய் சைக்கிளை எடுத்திருக்கார். மாமா தற்செயலா பார்த்துக் கூப்பிட்டதால தெரிஞ்சது. இல்லன்னா அந்த வாரம் அந்த வீட்டுக்குப் பணம் போயிருக்காது. காரணம் என் ஒரு வரி கோட்.

ராத்திரி உட்கார்ந்து பார்த்தேன். ரெண்டு ஃபைல்லயும் அவர் பெயர் இருக்கு. கண்ணுக்கு ஒரே மாதிரி இருக்கு. ரெண்டையும் எடுத்து சமமான்னு கேட்டா பைத்தான் 'ஃபால்ஸ்'னு சொல்லுது. எனக்கு வேர்த்துடுச்சு.

விஷயம் இதுதான். யூனிகோட்ல 'கோ'ங்கிற எழுத்தை ரெண்டு விதமா எழுதலாம். முதல் விதம், 'க', அதுக்கப்புறம் ஓகாரத்துக்கான ஒரே குறி. மொத்தம் ரெண்டு கோட் பாயின்ட். ரெண்டாவது விதம், 'க', அப்புறம் இரட்டைக் கொம்பு, அப்புறம் கால். மொத்தம் மூணு. திரையில வரையும்போது ரெண்டும் அச்சு அசல் ஒண்ணுதான். போன் கீபோர்டு முதல் விதத்துல கொடுத்தது. என் பழைய ஃபான்ட் கன்வர்ட்டர், கொம்பையும் காலையும் தனித்தனியா பார்த்துப் பழகினது, ரெண்டாவது விதத்துல கொடுத்துடுச்சு. 'கொ', 'கௌ' வரிசைக்கும் இதே கதைதான். அதாவது லிஸ்ட்ல அந்த எழுத்துங்க இருக்கிற எல்லாருமே காணாமப் போயிருக்கணும். எண்ணிப் பார்த்தேன், அந்த வாரம் நாலு பேர். மத்த மூணு பேர் அன்னைக்குக் கூலி வாங்க வரல, அவ்வளவுதான் அதிர்ஷ்டம்.

இதுக்கான ஸ்னிப்பெட்தான் என் ஃபோல்டர்ல முதல் ஃபைல். வாயால சொல்றேன், நடந்துக்கிட்டே கேட்கிறவங்க மனசுல எழுதிக்கோங்க. 'இம்போர்ட் யூனிகோட்டேட்டா'. அப்புறம் 'யூனிகோட்டேட்டா டாட் நார்மலைஸ்', அடைப்புக்குள்ள மேற்கோள்ல 'என்எஃப்சி', கமா, பெயர். முடிஞ்சது. இது மூணா உடைஞ்சிருக்கிற 'கோ'வை ரெண்டா சேர்த்துடும். ஜாவாஸ்கிரிப்ட்ல இன்னும் சுலபம், ஸ்ட்ரிங்குக்குப் பின்னாடி 'டாட் நார்மலைஸ்'. அடைப்புக்குள்ள எதுவும் கொடுக்கலன்னாலே என்எஃப்சிதான்.

இதோட முடியல. என்எஃப்சி சரி பண்ணாத மூணு விஷயம் இருக்கு, மூணுமே நம்ம ஊர்ப் பெயர்கள்ல தினமும் வரும்.

ஒண்ணு, கண்ணுக்குத் தெரியாத எழுத்து. வாட்ஸ்அப்ல இருந்தோ வெப்சைட்ல இருந்தோ காப்பி பண்ணும்போது ஜீரோ விட்த் ஸ்பேஸ் மாதிரி அகலமே இல்லாத எழுத்துகள் ஒட்டிக்கிட்டு வரும். பைத்தானோட 'ஸ்ட்ரிப்' அதை எடுக்காது, ஏன்னா அதோட கணக்குல அது ஸ்பேஸே இல்ல. நாமதான் 'ரீப்ளேஸ்' போட்டுத் தூக்கணும்.

ரெண்டு, 'ஸ்ரீ'. இதை 'ஸ'வுக்குப் புள்ளி வச்சும் எழுதலாம், யூனிகோட்ல 2005-ல சேர்த்த இன்னொரு 'ஶ'வுக்குப் புள்ளி வச்சும் எழுதலாம். பெரும்பாலான ஃபான்ட்ல ரெண்டும் ஒரே படம். நார்மலைஸ் இதைத் தொடவே தொடாது, ஏன்னா யூனிகோட் பார்வையில அது ரெண்டும் வேற வேற எழுத்து. ஸ்ரீதர், ஸ்ரீதேவி, ஸ்ரீவித்யான்னு எத்தனை பேர் இருக்காங்கன்னு உங்க டேட்டாபேஸைக் கேளுங்க.

மூணு, கௌரி. பாதிப் பேர் இதைக் 'கெ' போட்டுப் பக்கத்துல 'ள' போட்டு டைப் பண்ணுவாங்க. பார்க்க அதேதான், ஆனா உள்ள இருக்கிறது 'ளகரம்'. இதை மாத்த ஒரு ரெகுலர் எக்ஸ்பிரஷன் வச்சிருக்கேன். ஒற்றைக் கொம்புக்குப் பின்னாடி 'ள' வந்து, அந்த 'ள'வுக்குப் புள்ளியோ வேற எந்தக் குறியோ இல்லன்னா மட்டும் அதை 'ஔ' குறியா எடுத்துக்கோ. அந்த "இல்லன்னா மட்டும்" ரொம்ப முக்கியம். முதல் தடவை அதை விட்டுட்டேன். 'வெள்ளை', 'தெளிவு' எல்லாம் என்னமோ ஆகிடுச்சு. பேச்சுத் தமிழ்ல 'கெளம்பு'ன்னு எழுதினா இப்பவும் மாட்டும், ஆனா யாரும் பையனுக்குக் 'கெளம்பு'ன்னு பெயர் வைக்கப் போறதில்ல.

இந்த மாத்தம் எதையும் அவங்க கொடுத்த பெயர்மேலயே செய்யாதீங்க. பெயர் ஒரு காலம்ல அப்படியே இருக்கட்டும். பக்கத்துல 'பெயர்_சாவி'ன்னு இன்னொரு காலம் வச்சு, சுத்தம் பண்ணினதை அதுல போடுங்க. தேடுறது, சேர்க்கிறது எல்லாம் சாவியை வச்சு. பிரிண்ட்ல வர்றது அவங்க எழுதின பெயர். ஒருத்தர் தன் பெயரை எப்படி எழுதணும்னு முடிவு பண்றது நம்ம வேலை இல்ல.

உண்மையைச் சொன்னா, இந்த யூனிகோட் சமாச்சாரத்தைவிட எனக்கு அவமானமா இருந்தது வேற. நான் எண்ணிப் பார்க்கல. அறுபது பேர் உள்ள போனாங்க, வெளிய எத்தனை பேர் வந்தாங்கன்னு பார்க்க ஒரு 'லென்' போதும். அதனால ரெண்டாவது ஸ்னிப்பெட். மெர்ஜ் பண்ணும்போது 'ஹவ் ஈக்வல்ஸ் அவுட்டர்', 'இண்டிகேட்டர் ஈக்வல்ஸ் ட்ரூ'. இப்படிக் கொடுத்தா பாண்டாஸ் தானே ஒரு காலம் சேர்த்து, இந்த வரி ரெண்டு பக்கமும் இருக்கா, இடது பக்கம் மட்டுமா, வலது பக்கம் மட்டுமான்னு எழுதிடும். ஒரு பக்கம் மட்டும் இருக்கிற வரி ஒண்ணாவது இருந்தா என் ஸ்கிரிப்ட் இப்போ அங்கயே நின்னு, அந்தப் பெயர்களைக் காட்டிட்டு, பிரிண்ட் எடுக்க மாட்டேன்னு அடம் பிடிக்கும். டீஃபால்ட்டா மெர்ஜ் செய்யறது 'இன்னர்' ஜாயின். பொருந்தாதவங்களை அது சத்தமில்லாம விட்டுடும். கூலி லிஸ்ட்டுக்கு அதைவிட மோசமான டீஃபால்ட் எனக்குத் தெரியாது.

இப்போ யாராவது கேட்பீங்க, இதெல்லாம் ஏஐ எழுதிக் கொடுக்காதான்னு. கொடுக்கும். நானும் சோதிச்சுப் பார்த்தேன். ரெண்டு லிஸ்டையும் பெயரை வச்சுச் சேர்த்துக் கொடுன்னு கேட்டா, நான் எழுதின அதே ஒரு வரியை அழகா கமென்ட் போட்டுக் கொடுத்தது. 'கோ' உடையும், சரி பண்ணுன்னு கேட்டா அதையும் சரியாவே பண்ணிக் கொடுத்தது. ஆனா கேட்கணும்னு எனக்குத் தெரிஞ்சதே மாமா போன் பண்ணினதால. ஃபோல்டர் இன்னும் வச்சிருக்கிறது அதுக்காகத்தான். கோடுக்காக இல்ல, எதைக் கேட்கணும்ங்கிற ஞாபகத்துக்காக.

அடுத்த ஃபைல், எழுத்து எண்ணுறது. என் ஊர் பெயரையே எடுத்துக்கோங்க. 'செய்யார்'. நமக்கு எத்தனை எழுத்து? செ, ய், யா, ர். நாலு. பைத்தான்ல 'லென்' கேளுங்க, 8-ன்னு சொல்லும், ஏன்னா கொம்பு, புள்ளி, கால் எல்லாத்தையும் தனித்தனியா எண்ணும். அதையே யூடிஎஃப் 8-ல சேமிச்சா 24 பைட். ஒரே ஊர், மூணு எண்ணிக்கை. எங்க எது வேணும்னு தெரியலன்னா அடி விழும். ஃபார்ம்ல "பெயர் 20 எழுத்துக்குள்"னு போட்டு 'லென்' வச்சு செக் பண்ணினா, தமிழ்ல பத்துப் பன்னிரண்டு எழுத்துப் பெயரையே அது துரத்திடும். பைட் கணக்குல வெட்டினா ஒரு எழுத்தோட நடுவுல வெட்டி, கடைசில கேள்விக்குறி வந்து நிக்கும்.

மனுஷன் எண்ணுற மாதிரி எண்ண, பைத்தான்ல 'ரீஜெக்ஸ்'னு ஒரு மாட்யூல் தனியா இன்ஸ்டால் பண்ணிக்கணும். அதுல பேக்ஸ்லாஷ் பெரிய எக்ஸ் ஒரு முழு எழுத்தைப் பிடிக்கும். ஜாவாஸ்கிரிப்ட்ல 'இன்டல் டாட் செக்மென்டர்'. குரோம்ல 2020-லேயே வந்துடுச்சு, ஃபயர்ஃபாக்ஸ்ல 2024-லதான் வந்தது, அதனால பழைய பிரவுசர் கவனம். இதுவும் 'க்ஷ'வை ரெண்டா எண்ணும். நம்ம தமிழ் வாத்தியாருக்கு அது ஒத்துவருமோ என்னவோ.

சரி, 8 எங்க வேணும்? எஸ்எம்எஸ்ல. மாமா, கூலி போட்டதும் நெசவாளிக்கு மெசேஜ் போகணும்னு கேட்டார். ஆங்கிலத்துல ஒரு எஸ்எம்எஸ் 160 எழுத்து. தமிழ்ல ஒரு எழுத்து வந்தாலே மொத்தமும் 70-க்கு இறங்கிடும். நீளமாகி ரெண்டு மூணா பிரிஞ்சா, ஒவ்வொரு துண்டுக்கும் 67. அந்த 70-ல 'செய்யார்' சாப்பிடுறது நாலு இல்ல, எட்டு. "தங்கள் கூலித் தொகை வழங்கப்பட்டுள்ளது"ன்னு நான் மரியாதையா எழுதின வாசகம் அதுக்குள்ளயே பாதி இடத்தைத் தின்னுடுச்சு. நம்ம நாட்டுல இப்படி அனுப்புற வாசகத்தை முன்கூட்டியே டிஎல்டி-யில பதிவும் பண்ணணும். பதிவு பண்ணின பிறகு நீளம்னு தெரிஞ்சா மறுபடி முதல்ல இருந்து. மாமாதான் சுருக்கினார்: "கூலி", தொகை, தேதி. ஒரே மெசேஜ்ல முடிஞ்சது. கடைக்காரருக்கு எடிட்டிங் சொல்லித் தர வேண்டியதில்ல.

ரெகுலர் எக்ஸ்பிரஷன் பத்தி ஒண்ணு. பைத்தான்ல கூடவே வர்ற 'ஆர்ஈ' மாட்யூல்ல, வார்த்தையைப் பிடிக்க பேக்ஸ்லாஷ் டபிள்யூ ப்ளஸ் போடுவோம். 'செய்யார்'மேல அதை ஓட்டிப் பாருங்க. ச, ய, ய, ர-ன்னு நாலு துண்டா வரும். கொம்பும் புள்ளியும் காலும் அதுக்கு எழுத்தே கிடையாது. முன்னாடி சொன்ன அந்த 'ரீஜெக்ஸ்' மாட்யூலுக்கு மாறினா சரியாயிடும். ஜாவாஸ்கிரிப்ட்ல இன்னும் மோசம், அதோட டபிள்யூவுக்கு ஆங்கிலம் மட்டும்தான் தெரியும். அங்க 'பி எல்', 'பி எம்'னு எழுத்தையும் குறியையும் தனியா கேட்டு, கடைசில 'யு' ஃப்ளாக் போடணும்.

எக்செல். இதைச் சொல்லாம விட்டா பாவம். தமிழ் சிஎஸ்வி-யை டபுள் கிளிக் பண்ணினா குப்பையா தெரியுதா? எழுதும்போது என்கோடிங் 'யூடிஎஃப் 8' போடாம 'யூடிஎஃப் 8 ஹைஃபன் சிக்'னு போடுங்க, எஸ்ஐஜி. ஃபைல் தொடக்கத்துல ஒரு சின்ன அடையாளம் வைக்கும், எக்செல் அதைப் பார்த்துப் புரிஞ்சுக்கும். அதைவிட ஆபத்து பேங்க் அக்கவுன்ட் நம்பர். எக்செல் அதைக் கணக்குப் போடுற எண்ணுன்னு நினைச்சு, முன்னாடி இருக்கிற பூஜ்யத்தைத் தூக்கிடும். 15 இலக்கம் வரைக்கும்தான் அதுக்கு ஞாபகம். 16 இலக்க நம்பர்னா கடைசி இலக்கத்தை 0-ன்னு மாத்திடும். யார் கூலி யாருக்குப் போகும்னு யோசிச்சுப் பாருங்க. பாண்டாஸ்ல படிக்கும்போது 'டிடைப் ஈக்வல்ஸ் எஸ்டிஆர்'. அக்கவுன்ட் நம்பர், போன் நம்பர், பின்கோடு மூணும் எண் இல்ல, எழுத்து. கூட்டிப் பார்க்காத எதுவும் எண் இல்லன்னு வச்சுக்கோங்க.

அப்புறம் ஒரு ரூபாய் பஞ்சாயத்து. அட்வான்ஸ் பிடித்தம் 162 ரூபாய் 50 பைசா வருது. பைத்தான்ல 'ரவுண்ட்' பண்ணினா 162. திரையில ஜாவாஸ்கிரிப்ட் 'மேத் டாட் ரவுண்ட்' 163. மெசேஜ்ல ஒண்ணு, பில்லுல ஒண்ணு. பைத்தான் சரியா பாதியில நிக்கிற எண்ணை இரட்டைப்படை பக்கம் தள்ளும். அது தப்பு இல்ல, அதுக்கு ஒரு காரணம் இருக்கு, ஆனா ஆரணி பஜார்ல அந்தக் காரணத்தைச் சொல்லிப் பாருங்க. 'டெசிமல்' எடுத்து, 'ரவுண்ட் ஹாஃப் அப்'னு சொல்லிட்டேன். காசையெல்லாம் பைசாவா முழு எண்ல சேமிக்கிறேன். லட்சத்துக்கு நம்ம மாதிரி கமா போட ஜாவாஸ்கிரிப்ட்ல 'டூ லோக்கேல் ஸ்ட்ரிங்', உள்ள 'ஈஎன் ஹைஃபன் ஐஎன்'. 12,34,567-னு வரும். பைத்தானோட சாதாரண கமா 1,234,567-னு வெள்ளைக்காரன் மாதிரி போடும், மாமா கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுட்டு மறுபடி பார்ப்பார்.

நேரம் பத்தி சட்டுனு சொல்லிடறேன். சர்வர் யூடிசி-யில ஓடுது. மாமா காலைல 5 மணிக்கு எழுந்து என்ட்ரி போடுற ஆள். நமக்கு சனிக்கிழமை, சர்வருக்கு இன்னும் வெள்ளிக்கிழமை ராத்திரி 11:30. தேதி எடுக்கும்போது 'ஸோன்இன்ஃபோ', 'ஏஷியா கொல்கத்தா'. விண்டோஸ்ல 'டிஇசட்டேட்டா' தனியா இன்ஸ்டால் பண்ணுங்க.

வரிசைப்படுத்துறதும் அப்படித்தான். சும்மா 'சார்ட்' போட்டா 'வனம்' முதல்ல, 'வலை' அப்புறம். யூனிகோட் அட்டவணையில 'ன' நகரத்துக்குப் பக்கத்துல போய் உட்கார்ந்திருக்கு, நம்ம வரிசையில அது கடைசி. 'லோக்கேல் கம்பேர்', 'டிஏ' போதும்.

கடைசியா ஊர்ப் பெயர். இதுக்கு ஸ்னிப்பெட் இல்ல, ஒரு அட்டவணைதான். எங்க ஊரை செய்யார்னும் எழுதுவாங்க, செய்யாறுன்னும் எழுதுவாங்க. நகராட்சிப் பெயரோ திருவத்திபுரம். கோயில் பக்கம் இருக்கிறவங்களைக் கேட்டா திருவோத்தூர்ம்பாங்க. ஆரணிக்கு வாங்க. திருவள்ளூர் மாவட்டத்துலயும் ஒரு ஆரணி இருக்கு. எந்த நார்மலைசேஷனும் இதைச் சேர்க்காது, பிரிக்கவும் செய்யாது. பின்கோடை வச்சுப் பிரிச்சேன். செய்யாறு 604407, நம்ம ஆரணி 632301. ஊர் பெயர் அட்டவணையை உட்கார்ந்து கையால டைப் பண்ணினேன்.

போன மாசம் ஆரணி போயிருந்தப்போ அந்த அண்ணனைப் பார்த்தேன். எல்லாத்தையும் திருத்தின லிஸ்ட்டைக் கையில கொடுத்து, "அண்ணா, உங்க பேர் சரியா இருக்கான்னு பார்த்துச் சொல்லுங்க"ன்னேன். நிதானமா விரலை வச்சுப் படிச்சார். "பேர் சரிதான் தம்பி. இனிஷியல் தப்பு. கோ இல்ல, கொ. எங்கப்பா பேரு குறில்."

டிடிபி ஃபைல்லயே அப்படித்தான் இருந்திருக்கு, அத்தனை வருஷமும். அங்கயே போனை எடுத்துத் திருத்தினேன். பார்த்துட்டு, சரின்னு தலையாட்டிட்டு தறிக்குக் கிளம்பிட்டார்.

சரி மக்களே, இந்த எபிசோட் இவ்வளவுதான். உங்க ஃபோல்டர்ல இருக்கிற ஒரு ஸ்னிப்பெட்டையும், அது எந்த போன் காலால வந்ததுங்கிறதையும் வாய்ஸ் நோட்டா அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல போட்டுக் கேட்கலாம்.